கூட்ரோட்டில் கயிறு பிடித்தவர்கள்

ஒரே ஒரு கடற்கரையில் ரெண்டே ரெண்டு குப்பம் இருந்ததாம், ரெண்டு குப்பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பஸ் நிறுத்தம் இருந்ததாம், அந்த நிறுத்தத்தில் பஸ் மட்டும் நிற்காதாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் நான் மனசுக்குள் இப்படித்தான் ஆரம்பிக்கிறேன். ஒரு மணி நேரம் பேசாமல் நிற்க வேண்டும், அது எங்கள் சட்டம், ஆனால் வாயைத்தானே மூடச் சொன்னார்கள், உள்ளே ஓடுவதை யார் மூடுவது. கதை கேட்கிறவர்கள் ம் கொட்ட வேண்டும் என்பார் தாத்தா, ம் நின்றுவிட்டால் அவரும் நிறுத்திவிடுவார், ராஜகுமாரன் பாதி மரத்தில் ஏறினபடியே விடியும்வரை தொங்கிக்கொண்டிருப்பான். இங்கே எனக்கு ம் கொட்ட ஆளில்லை. ஐஸ் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது, அதை ம் என்று வைத்துக்கொள்கிறேன். மேட்டுக்குப்பத்து மண்சாலையும் தாழைக்குப்பத்து மண்சாலையும் வந்து தார்ரோட்டில் ஒட்டுகிற இடம் இது, கூட்ரோடு, ஒரு தூங்குமூஞ்சி மரம், மரத்தடியில் கூரைத் தகரம் பறந்துபோன பஸ் நிறுத்தம், எதிரே டீக்கடை. நாங்கள் ஐந்து பேர் வரிசையாக ரோட்டைப் பார்த்து நிற்கிறோம், எல்லோர் கையிலும் ஒரே நீலக் கயிறு. கொடி கூடாது, கம்பு கூடாது, கோஷம் கூடாது, நிக்கறவன் கையில என்ன இருக்குன்னு ஜீப்புல உக்காந்தபடியே எனக்குத் தெரியணும் என்று அப்போதிருந்த இன்ஸ்பெக்டர் சொன்னாராம். தெரியட்டும் சார் என்று கலியமூர்த்தி சித்தப்பா படகு கட்டுகிற கயிற்றைக் கொண்டுவந்து ஆளுக்கு ரெண்டு கையாலும் பிடிக்கச் சொன்னார். ரெண்டு கையும் கயிற்றில் இருந்தால் கல் எதில் இருக்கும். அவர் எங்கள் மேட்டுக்குப்பத்துக்காரர், படகு இன்ஜின் மெக்கானிக், ரெண்டு குப்பத்து இன்ஜினும் அவர் கையால்தான் இருமலை நிறுத்தும், அதனால்தான் ரெண்டு குப்பமும் அவரை விட்டுவைத்திருக்கிறது. கயிறு அவர் ஷெட்டில் கிடப்பது, டீசல் வாடை, என் உள்ளங்கையில் அது வெள்ளிக்கிழமை ராத்திரி சோற்றிலும் இருக்கும். அவருக்குப் பக்கத்தில் தாழைக்குப்பத்து அஞ்சலாட்சி அத்தை, அப்புறம் நான், தில்லைநாயகி, மேட்டுக்குப்பம், எனக்கு அந்தப் பக்கம் தாழைக்குப்பத்து வைத்தி அண்ணன், ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை, நின்றுகொண்டே தூங்குவார், கடைசியில் செந்தாமரை அக்கா. ஒரு ஊர், மற்ற ஊர், ஒரு ஊர், மற்ற ஊர் என்று மாறிமாறித்தான் நிற்க வேண்டும், ஒரே ஊர்க்காரர் ரெண்டு பேர் ஒட்டி நின்றால் அது கூட்டம் சேர்ப்பதாம். செந்தாமரை அக்கா தாழைக்குப்பத்தில் பிறந்து மேட்டுக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று முதல் மாதம் பெரிய வாதம் நடந்தது, அவள் கடைசியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டே சொன்னாள், “எந்த ஊரு ஆளு கொறையுதோ அந்த ஊருல என்னைப் போட்டுக்குங்க, என் மாமியாருக்கு மட்டும் சொல்லாதீங்க.”

ரெண்டு குப்பத்துக்கும் என்ன சண்டையாம். வலைச் சண்டையாம். தாழைக்குப்பத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சுருக்குமடி வாங்கினார்கள், ஒரு மீன் கூட்டத்தையே வளைத்து அடியைச் சுருக்கி ஒரே இழுப்பில் அள்ளுகிற பெரிய வலை, குஞ்சுகூட மிச்சமில்லாமல் வாரிட்டுப் போனா நாங்க மண்ணையா தின்னுறது என்று எங்கள் ஆட்கள் கடலிலேயே மறித்தார்கள், கடலில் ஆரம்பித்தது கரைக்கு வந்தது, கரையிலிருந்து இந்தக் கூட்ரோட்டுக்கு வந்தது, கூட்ரோட்டில் அன்றைக்கு நான் பஸ்ஸில் இருந்தேன். இந்த இடத்தில் கதை எப்போதும் கல்லில் இடித்துக்கொண்ட சக்கரம் மாதிரி நின்றுவிடும். நான் ஜன்னலோரம் இருந்தேன். டவுனில் லேப் டெக்னீஷியன் படிப்பு, முதல் வருஷம் முடிய இருந்தது, மடியில் பை, பையில் வெள்ளைக் கோட்டு, நாளைக்குத் துவைக்க வேண்டும் என்று நினைத்தேன், அதுதான் கடைசியாக நினைத்தது, சவுக்காரக் கட்டி தீர்ந்துபோச்சே என்று நினைத்தேன். அப்புறம் சத்தம். முதலில் சத்தம்தான், வலி ரொம்ப நேரம் கழித்து வந்தது, யாரோ ஒரு கூடை சிப்பியைச் சிமெண்டுத் தரையில் கொட்டின மாதிரி. குனிந்து பார்த்தால் மடியில் ஒரு ஜல்லிக்கல் உட்கார்ந்திருக்கிறது, ஒரு பக்கம் தார் ஒட்டினது, பூனைக்குட்டி மாதிரி சமத்தாக உட்கார்ந்திருக்கிறது, இது எப்படி பஸ்ஸுக்குள் ஏறியது, டிக்கெட் வாங்கியிருக்குமா என்றுகூட நினைத்தேன், மேலே புருவத்தில் பொத்துக்கொண்டு ஊற்றியது எனக்குத் தெரியவே இல்லை. ரத்தத்துக்கு நான் பயப்பட மாட்டேன், முதல் பிராக்டிகலில் என் விரலை நானே குத்தி என் ரத்தத்தை நானே லென்ஸில் பார்த்தவள், என்ன அழகு, சின்னச் சின்னதாய்ச் சிவப்புத் தட்டு அடுக்கின மாதிரி. ரத்தம் இல்லை என் பயம். சத்தம். இப்போதுகூட எதிரே டீக்கடையில் கிளாஸ்களைக் கழுவி ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்க்கிறார்கள், கிளிங் கிளிங் என்று, தோள்பட்டை தானாகத் தூக்கிக்கொள்கிறது, கயிறு ஒரு சிறு துள்ளு துள்ளுகிறது, அஞ்சலாட்சி அத்தைக்குத் தெரிந்திருக்கும், ஒரே கயிறுதானே, ஒருத்தர் கையில் நடுங்கினது அத்தனை பேர் கைக்கும் போய்விடும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றை மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறாள்.

அந்தக் கல் எந்த ஊர்க் கல். எங்கள் ஊரில் கேட்டால் தாழைக்குப்பத்துக் கல், அவர்கள் ஊரில் கேட்டால் மேட்டுக்குப்பத்துக் கல், தங்கள் ஊர்ப் பெண்ணைத் தாங்களே அடித்துப் பழி போடுகிறார்கள் என்று. போலீஸ் ரெண்டு ஊரிலும் ஆளுக்குக் கொஞ்சம் பேரைப் பிடித்துக்கொண்டு போனது, தாழைக்குப்பத்தில் பிடித்ததில் அஞ்சலாட்சி அத்தை மகன் பரந்தாமனும் ஒருத்தன், நாலஞ்சு நாளில் ஜாமீனில் வந்துவிட்டான். இனி யாரும் கல் எடுக்கக் கூடாது என்று ரெண்டு ஊரையும் சேர்த்துக் கயிறு பிடிக்கக் கூப்பிட்ட முதல் வெள்ளிக்கிழமை அவள் வந்து எனக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்தபோது கலியமூர்த்தி சித்தப்பாவுக்கே முகம் மாறிவிட்டது. அவள் இடுப்பிலிருந்த மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு என் புருவத்தை உற்றுப் பார்த்தாள், தையல் பிரிக்காத நேரம். “எம் பையன் எறிஞ்சானான்னு நீ கேப்ப. நானும் கேட்டேன்டி. சோத்துல அடிச்சிக் கேட்டேன். எறியலன்னும் சொல்ல மாட்டேங்கிறான், எறிஞ்சேன்னும் சொல்ல மாட்டேங்கிறான். எறிஞ்சிருந்தாலும் எறிஞ்சிருப்பான். அதான் வந்து நிக்கிறேன், நிக்கட்டுமா வேணாமா?” நான் என்ன சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சத்தமாகப் பேச வராது, வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட மேடம் ரெண்டாம் தடவை கூப்பிடுவார்கள். அந்த நேரம் அஞ்சு மணிக்கு மேலே ஆகிவிட்டதா இல்லையா என்ற குழப்பத்தில் சித்தப்பாவே, “பேசக் கூடாது, பேசக் கூடாது, டைம் ஆரம்பிச்சாச்சு” என்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஊரையே கூவி எழுப்புகிற வாய் அது, கடமா கெளுத்தி நெத்திலி என்று நாலு தெருவுக்கு ஒரே கூவல், அதை ஒரு மணி நேரம் மூடி வைத்திருப்பதுதான் இந்தக் கூட்ரோட்டில் நடக்கிற பெரிய தவம் என்று வைத்தி அண்ணன் சொல்வார். ஆரம்பத்தில் ஒரு நாப்பது பேர் நின்றோம், கயிறு போதாமல் இன்னொன்று முடிந்தோம். சமாதானக் கூட்டம் போட்ட அதிகாரிகள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மழை வந்தது, மீன்பாடு வந்தது, கல்யாணம் வந்தது, கயிற்றில் இடம் காலியாகிக்கொண்டே வந்தது, இப்போது ஐந்து. ரெண்டு ஊர் ஆம்பிளைகளும் முகத்துக்கு முகம் பேசிக்கொள்வதில்லை, ஆனால் கல்லும் எறிவதில்லை, எறியாததற்கு நாங்கள் நிற்பதுதான் காரணமா, இல்லை சும்மா சலித்துப்போய் விட்டுவிட்டார்களா, யாருக்குத் தெரியும். ஒன்றே ஒன்று தெரியும், பஸ் நிற்பதில்லை. எங்கள் மினிபஸ், முதலாளி கண்ணாடி மாற்றினதோடு கூட்ரோட்டு நிறுத்தத்தை வெட்டிவிட்டார், ரெண்டு ஊர்க்காரர்களும் உப்பனாற்றுப் பாலம்வரை நடந்து போய்த்தான் ஏற வேண்டும், மீன்கூடையோடு, பிள்ளைத்தாய்ச்சி வயிற்றோடு, பள்ளிக்கூடப் பையோடு. அதனால் பஸ் நிற்கட்டும் என்றும் சேர்த்துத்தான் இப்போது நிற்கிறோம். சித்தப்பா ரெண்டு ஊர் ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய் முதலாளியிடம் கேட்டார். அவர் சொன்னது, “நீங்க அமைதியா நிக்கறதுக்கு நான் ஏன்யா வண்டிய நிறுத்தணும்?”

அந்தப் பையன்கள் வந்துவிட்டார்கள். ரெண்டு பைக், ரெண்டிலும் மூன்று மூன்று பேர், இவர்கள் எந்த ஊரும் இல்லை, பாலத்துக்கு அந்தப் பக்கம், அவர்களுக்கு வெள்ளிக்கிழமை என்றால் நாங்கள்தான் சினிமா. “டேய், சிலைங்கடா! அஞ்சு சிலைடா!” “யோவ் பெருசு, கயிறு இழுக்குற போட்டின்னா எதிர்ப்பக்கம் ஆளு எங்கய்யா?” “அந்த ஐஸ் கம்பெனி சிலை தூங்குது பாரு, கொறட்டை வுடுது!” வைத்தி அண்ணன் ஒற்றைக் கண்ணைத் திறந்து மூடுகிறார். அஞ்சலாட்சி அத்தையின் கழுத்து நரம்பு புடைக்கிறது, வாய்க்குள் என்னென்ன புரண்டுகொண்டிருக்கும், பதில் சொல்லக் கூடாது, கையை எடுக்கக் கூடாது, மணி ஆகும்வரை இடத்தை விட்டு அசையக் கூடாது, எல்லாம் சித்தப்பா போட்ட சட்டம், அசைஞ்சா அவன் ஜெயிச்சான்னு அர்த்தம் என்பார். பைக் சத்தம் தேய்ந்து போகிறது. நான் மறுபடி கதைக்குப் போகிறேன். அந்த ஊரில் ஒரு பெண் இருந்தாளாம். அவள் பஸ் நிற்கவேண்டும் என்று வாராவாரம் கயிறு பிடித்து நின்றாளாம். பஸ் நிற்கக் கூடாது என்று வாராவாரம் சாமியை வேண்டிக்கொண்டாளாம். இதை யாரிடம் சொல்வேன். இந்த இடத்தில் ம் கொட்ட யாரும் இல்லாததே நல்லது. அப்பா கேட்கிறார், “பாலம் வரைக்கும் நான் பைக்ல கொண்டாந்து வுடறேன், காலேஜுக்குப் போயேம்மா.” நான் சொல்கிறேன், “கூட்ரோட்டுல நின்னா போறேம்பா. நம்ம நிறுத்தத்துல நிறுத்தட்டும், அப்பப் போறேன்.” கேட்கிறவர்களுக்கு அது ரோஷம் மாதிரி இருக்கும், அப்பா வெளியே போய்ப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், சித்தப்பா கேட்டுவிட்டு என்னைக் கயிற்றின் நடுவில் நிறுத்தினார், அடிபட்ட பொண்ணு, வைராக்கியக்காரி. வைராக்கியமாவது ஒன்றாவது. பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் இருக்கும், ஜன்னலில் கண்ணாடி இருக்கும், அவ்வளவுதான். நிற்காத பஸ்ஸில் ஏற முடியாது, ஏறாதவளைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்ல முடியாது, இந்த நிற்காத பஸ்தான் எனக்குக் கவசம், இந்தக் கூட்ரோட்டில் வேறு யாருக்கும் கிடைக்காத சௌகரியம். ஆனால் திங்கட்கிழமை காலேஜ் திறக்கிறது. மேடம் போனில் சொன்னார்கள், ஒரு வருஷம் உன் இடத்தை வெச்சிருந்தேன் தில்லை, இந்தத் தடவையும் நீ வரலைன்னா வேற பொண்ணைச் சேத்துக்குவேன், எனக்கு வேற வழி இல்ல. எத்தனை மெதுவாகச் சொன்னார்கள். திங்கட்கிழமை. அந்த வார்த்தையை நினைக்கும்போதே புருவத் தழும்பு அரிக்கிறது, சொறிய முடியாது, கை கயிற்றில். லென்ஸுக்கடியில் அந்தச் சிவப்புத் தட்டுகள், வேறொரு பெண் குனிந்து பார்ப்பாள், என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு. இந்த எண்ணம் வந்தால் போ போ என்கிறது ஒன்று, கண்ணாடி என்கிறது ஒன்று, போ, கண்ணாடி, போ, கண்ணாடி, கிணற்று ராட்டினம் மாதிரி ஒன்று மேலே வந்தால் இன்னொன்று கீழே போகிறது, தண்ணீர் மட்டும் வருவதில்லை.

சாயங்கால வண்டி வருகிற நேரம். ரோடு வளைவில் முதலில் அதன் பாட்டுச் சத்தம்தான் வரும், அப்புறம் மஞ்சள் நெற்றி. வழக்கமாக எப்படி நடக்குமென்றால், எங்களைப் பார்த்ததும் டிரைவர் ஒரு அழுத்து அழுத்துவார், கண்டக்டர் லோகு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார், தெரிந்த முகங்கள் ஜன்னலுக்குள் பரிதாபமாக ஒரு கணம் மிதக்கும், புழுதி எங்கள் வாயில் படியும், முடிந்தது, அப்புறம் எனக்குள் ஒரு நிம்மதி வரும், அந்த நிம்மதிக்காகவே நான் வெட்கப்படுவேன், வெட்கப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போவேன். வருகிறது. பாட்டு. மஞ்சள். தழும்புக்குள் துடிக்கிறது. போய்விடு, போய்விடு. அழுத்தப்போகிறார் இப்போது. ஆனால் சத்தம் குறைகிறது, கியர் இறங்குகிற சத்தம், வண்டி கிழவி மாதிரி மூச்சு வாங்குகிறது, மஞ்சள் நெற்றி பெரிதாகி பெரிதாகி எங்களுக்கு நேர் எதிரே வந்து, புஸ் என்று, நிற்கிறது. நிற்கிறது. கதவு சரியாக எனக்கு முன்னால். புழுதி கூடக் கிளம்பவில்லை. டிரைவர் சீட்டில் வேறு ஒரு முகம், கறுப்பு மீசை, தெரியாத ஆள், புது ஆள். உள்ளேயிருந்து லோகுவின் குரல் பதறுகிறது, “யோவ் யோவ், இங்க நிறுத்தம் கெடையாதுய்யா, எடு எடு!” புது டிரைவர் எங்களைக் கை நீட்டிக் காட்டுகிறார், “அஞ்சு ஆளு நிக்குதேய்யா. போர்டு வேற இருக்குது.” “அவங்க பஸ்ஸுக்கு நிக்கலய்யா!” “பஸ் ஸ்டாப்புல பஸ்ஸுக்கு நிக்காம வேற எதுக்கு நிப்பாங்க?” இந்தக் கேள்விக்கு எங்கள் ஐந்து பேருக்கும் பதில் தெரியும், ஒரு வருஷமாகத் தெரியும், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் மணி ஆகவில்லை. பேசக் கூடாது. கையை எடுக்கக் கூடாது. அசையக் கூடாது. எதற்காக மழையிலும் வெயிலிலும் நின்றோமோ அது வந்து மூக்குக்கு முன்னால் கதவைத் திறந்துகொண்டு உறுமிக்கொண்டிருக்கிறது, நாங்கள் கயிற்றைப் பிடித்தபடி அதை வெறித்துக்கொண்டிருக்கிறோம். ஓரக்கண்ணால் சித்தப்பாவைப் பார்க்கிறேன், அவர் முகத்தில் நெற்றி முதல் தாடை வரை வேர்வை, சட்டம் போட்டவர், இதற்கு ஒரு சட்டம் போடவில்லை. பஸ் நின்றால் யார் ஏறுவது என்று நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொள்ளவில்லையே. யாருக்கும் எங்கேயும் போக வேண்டியதில்லை, அத்தையிடம் இன்று மீன்கூடை இல்லை, வைத்தி அண்ணனுக்கு வேலை ராத்திரிதான், செந்தாமரை அக்கா உலையை வைத்துவிட்டு வந்திருக்கிறாள். உள்ளே இருப்பவர்கள் எழுந்து எழுந்து பார்க்கிறார்கள். டிரைவர் கழுத்தை நீட்டுகிறார். “ஏறுறீங்களா இல்லியா? ஊமைக் கூட்டமாய்யா இது?” “நாந்தான் சொன்னேனே” என்கிறார் லோகு, விசிலை வாயில் வைக்கிறார். விசில் ஊதினால் முடிந்தது, புது ஆள் பழைய ஆள் ஆகிவிடுவார், கூட்ரோட்டில் நிற்கிறவர்கள் ஏற மாட்டார்கள் என்று கற்றுக்கொண்டுவிடுவார், இனி எந்த வெள்ளிக்கிழமையும் நிற்காது. நிற்காது என்றால் எனக்கு நல்லதுதானே. கவசம். நிம்மதி. வெட்கம். வீடு. அப்படியே போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், நான் சட்டத்தைத்தான் காப்பாற்றினேன்.

கயிறு கீழே இறங்குகிறது. என் கை இல்லாததால் நடுவில் இறங்குகிறது, நான்தான் விட்டிருக்கிறேன், எப்போது விட்டேன் தெரியவில்லை, கை ரெண்டும் காற்றில் இருக்கின்றன, உள்ளங்கையில் நீல நூல் பொடி. “ஏறணும்” என்று யாரோ சொல்கிறார்கள், அந்தக் குரல் கொஞ்சம் கரகரவென்று ஓடாத மோட்டார் மாதிரி இருக்கிறது, அது என்னுடையது. யாருக்கும் கேட்கவில்லை. விசில் பாதி ஊதிவிட்டது. அப்போதுதான் எனக்கு இடதுபக்கம் ஒரு வருஷத்துத் தவம் கலைந்தது, நாலு தெருவுக்குக் கேட்கிற குரலில், “ஏய் லோகு! விசிலப் பிடுங்கிக் கடல்ல போட்டுடுவேன்! பொண்ணு ஏறணுங்குது, காதுல என்னா சுருக்குமடியா போட்டு வெச்சிருக்க? ஏறுடி! ஏறுடி தில்ல!” டீக்கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். சித்தப்பா, “மணி ஆவலியே அஞ்சல” என்று ஈனமாகச் சொல்கிறார், “உம்ம மணியக் கொண்டு இன்ஜின்ல போடும்!” என்கிறாள். நான் படியில் கால் வைக்கிறேன். படி உயரம். கம்பி எண்ணெய்ப் பிசுக்கு, எத்தனையோ கைப்பிசுக்கு, தெரிந்த பிசுக்கு, ஒரு வருஷமாக மறந்திருந்த வாடை, மல்லிப்பூ, வேர்வை, கருவாடு, ரெக்சின். நடக்கிறேன். ஜன்னலோரம் ஒரு சீட் காலி, அதில் யாரும் உட்காரவில்லை, வேறெங்கும் இடம் இல்லை, நிற்கலாமே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கலாம், அங்கே கண்ணாடி இல்லை. உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடி திறந்திருக்கிறது, ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருக்கிறது, அதன் விளிம்பு என் காதுக்குப் பக்கத்தில் இன்ஜின் உறுமலுக்குக் கிடுகிடுவென்று ஆடுகிறது. கிடுகிடு. வண்டி அசைந்த அதே நேரம் வெளியிலிருந்து ஒரு கை வேகமாக ஜன்னலுக்குள் வந்தது. நான் குனிந்துவிட்டேன், ரெண்டு கையாலும் நெற்றியைப் பொத்திக்கொண்டு முழங்காலுக்குள் போய்விட்டேன், கண்ணை இறுக்கி, அதே சிப்பிக் கூடை, கொட்டப்போகிறது, கொட்டப்போகிறது. கொட்டவில்லை. “நாந்தான்டி” என்றது குரல், அந்தக் கூவல் குரல் இத்தனை சின்னதாக ஆகும் என்று எனக்குத் தெரியாது, “நாந்தான்டி, டிக்கட்டுக்குக் காசு வேணாமா உனக்கு.” நிமிர்ந்தேன். கசங்கின நோட்டு ஒன்று, மீன் வாடையோடு, அவள் விரல் நுனியில் இருந்தது. வண்டியோடு கூடவே நடக்கிறாள். நான் குனிந்ததைப் பார்த்துவிட்டாள், ஏன் குனிந்தேன் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவள் கண் என் புருவத்தில் இருந்தது. நோட்டை வாங்கினேன், நோட்டோடு விரலையும் பிடித்தேன், வண்டி அந்த விரலை என்னிடமிருந்து உருவிக்கொண்டு போயிற்று. நிற்கட்டுமா வேணாமா என்று அன்றைக்குக் கேட்டாளே, அதற்குப் பதில் சொல்லவேண்டும் போல இருந்தது, தலையை வெளியே நீட்டி, அந்த ஜன்னலில், அந்தக் கண்ணாடி விளிம்புக்குக் கீழே கழுத்தைக் கொடுத்து, “அத்தே, அடுத்த வெள்ளிக்கெழமையும் எம் பக்கத்துலயே நில்லு!” என்று கத்தினேன். கத்தினேன், நான்தான். டீக்கடைக்காரர் கையில் கிளாஸோடு திரும்பிப் பார்த்தார்.

“எங்க?” என்றார் லோகு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. எங்கே. அதைத்தான் யாருமே யோசிக்கவில்லையே. காலேஜ் பூட்டியிருக்கும். டவுனில் இந்த நேரத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. “கடைசி நிறுத்தம்” என்றேன், “திரும்பி இதே வண்டில வருவேன். கூட்ரோட்டுல எறங்கணும்.” “கூட்ரோட்டுல நிறுத்தம் இல்லம்மா.” “அதான் நிறுத்திட்டேனேய்யா!” என்று முன்னாலிருந்து டிரைவர் திரும்பாமலே சொன்னார், பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள், ரெண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள், ஒரு பெரியவர் கைதட்டினார், எதற்கென்று தெரியாமல் பின்சீட்டுக் குழந்தையும் தட்டியது. “திங்கக்கெழம காலைலயும் நிறுத்துவீங்களாண்ணா?” என்று கேட்டேன், என் குரல் இத்தனை பேர் தலையைத் தாண்டிப் போய் டிரைவர் முதுகில் பட்டது, அவர் கேட்டார், முதல் தடவையிலேயே கேட்டார். “ஆளு நின்னா நிறுத்துவேம்மா, அதுக்குத்தான எனக்குச் சம்பளம்.” இதற்காகத்தானா. இத்தனை நாள் சமாதானம் என்று என்னமோ பெரிசாக, மேலேயிருந்து இறங்கி வரும் என்று, பூமாலையோடு வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது ஒன்றும் தெரியாத ஒரு மீசைக்காரராக வந்து பிரேக் போடுகிறது. ஒன்றும் தெரியாமலா. நாங்கள் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் அவர் யாருக்காக நிறுத்தியிருப்பார். கண்ணாடி கிடுகிடுக்கிறது, கிடுகிடுக்கட்டும், நான் அதன் விளிம்பில் ஒரு விரலை வைக்கிறேன், விரலுக்கடியில் ஆட்டம் அடங்குகிறது, எடுத்தால் ஆடுகிறது, வைத்தால் அடங்குகிறது, நான் சிரிக்கிறேன், பக்கத்தில் இருக்கும் அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள், பார்க்கட்டும், காற்று முகத்தில் அறைகிறது, உப்பளத்துக் காற்று, தழும்பில் படுகிறது, குளிர்ச்சி, திங்கட்கிழமை, வெள்ளைக் கோட்டைத் துவைக்க வேண்டும், சவுக்காரம் வாங்கிக்கொண்டு வரலாம் டவுனில், ஆமாம், எனக்கு டவுனில் வேலை இருக்கிறது, சவுக்காரம் வாங்குகிற வேலை.

உப்பனாற்றுப் பாலத்தில் எதிரே ஐஸ் லாரி ஏறிவிட்டது. பாலம் ஒற்றை வண்டி அகலம், எங்கள் வண்டி கரையில் ஒதுங்கி நிற்கிறது. ரோடு இங்கிருந்து உப்பளத்துக்கு நடுவே நேர்கோடு, பின்கண்ணாடியில் கூட்ரோடு அப்படியே தெரிகிறது, சின்னதாக, தூங்குமூஞ்சி மரம், மரத்தடியில் நாலு பேர். மணி ஆகிவிட்டது போலிருக்கிறது, கலைகிறார்கள். கலைவதற்கும் எங்களிடம் ஒரு முறை உண்டு, இந்த ஊர் ஒருத்தர், அந்த ஊர் ஒருத்தர், சேர்ந்துதான் கிளம்ப வேண்டும், கூட்ரோட்டில் ஒரு ஊர் ஆள் மட்டும் தனியாக நிற்கிற மாதிரி விடக் கூடாது, அந்தச் சண்டைக்கு அப்புறம் அங்கே யாரும் தனியாக நின்றதில்லை. கலியமூர்த்தி சித்தப்பா கயிற்றை முழங்கையில் சுற்றுவது தெரிகிறது. அவரும் வைத்தி அண்ணனும் கிளம்பினார்கள், அவர் இடதுபக்க மண்சாலை, இவர் வலதுபக்கம். செந்தாமரை அக்கா அஞ்சலாட்சி அத்தையின் கையைப் பிடித்து இழுக்கிறாள், வா போவலாம் என்கிறாளாக்கும், அத்தை கையை உதறுகிறாள், இங்கே, இந்தப் பக்கம், வண்டி நிற்கிற பக்கம் கை காட்டுகிறாள், வண்டி பாலத்தைத் தாண்டட்டும் என்கிறாள் போல. அக்காவுக்கு உலை பொங்கியிருக்கும், ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள். அத்தை மட்டும் நிற்கிறாள். மேட்டுக்குப்பத்து ஆள் ஒருத்தரும் பக்கத்தில் இல்லாமல், கயிறு இல்லாமல், கை ரெண்டும் சும்மா தொங்க, தாழைக்குப்பத்துக்காரி தன்னந்தனியாக. எங்கள் ஊரிலிருந்து ஒரு பைக் வருகிறது. என் விரல் கண்ணாடியில் அழுந்துகிறது. பைக் அவளுக்குப் பக்கத்தில் வேகம் குறைக்கிறது, ஓட்டுகிறவன் என்னமோ கேட்கிறான், அத்தை என்னமோ சொல்கிறாள், நீளமாகச் சொல்கிறாள், கையை ஆட்டி ஆட்டி, பஸ் வந்ததையும் நின்றதையும் லோகுவின் விசிலையும் சொல்கிறாளாக இருக்கும், பைக்காரன் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேட்கிறான், தலையை ஆட்டுகிறான், ம் கொட்டுகிறான் போலிருக்கிறது, போகிறான். லாரி எங்களைத் தாண்டிப் போயிற்று. டிரைவர் கியர் போடுகிறார், வண்டி பாலத்தில் ஏறுகிறது, நான் சீட்டில் மண்டிபோட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன், அத்தை முந்தானையை உதறி இடுப்பில் செருகுகிறாள், ஒரு தடவை கையைத் தலைக்கு மேலே தூக்கி வெறும் உள்ளங்கையை இந்தப் பக்கம் காட்டுகிறாள், அப்புறம் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஓரத்துக்கு ஒதுங்காமல், நடுரோட்டிலேயே, கையை வீசி வீசி நடந்து போகிறாள்.